ரோபோவின் மேல் வைத்த வேல்

முருகனை நம்பி வாழும் என் சொந்தங்களே, இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆனது. நான் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. பாதி கிடைத்ததைச் சாட்சி என்று சொல்லலாமா என்ற தயக்கம்தான் காரணம். இன்று சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு தனியார் தொழிற்கல்லூரியில் மின்சாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஷா ஆலமில் நடக்கவிருந்த போட்டிக்காக எங்கள் பிள்ளைகள் ஒரு ரோபோ செய்தார்கள். ஒரு பெட்டியைத் தூக்கி வேறோர் இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் பேட்டரியில் ஓடும். வயரிங்கை நான் சொல்லச் சொல்லச் செய்தவள் கலைச்செல்வி. அவள் இழுத்த வயர் ஒன்றும் தொங்காது, ஒன்றும் முறுக்காது. நான் திட்டுவதற்கு ஒரு சாக்கும் கொடுக்காத பிள்ளை. அப்பா இல்லை. அம்மா பக்கத்து ஊரான மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார்.

போட்டிக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. பட்டறையைக் கழுவி, ஸ்பேனரிலிருந்து டிரில் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். அந்த வருஷம் தண்ணீர்ப் பங்கீடு. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பூஜைக்கென்று பிள்ளைகள் வீட்டிலிருந்து தோம்பில், அதாவது பிளாஸ்டிக் பீப்பாயில், தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

பேட்டரி முனைகளுக்கு ரப்பர் மூடி போட்டுத்தான் வைப்போம். அன்று மூடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததாம். சாமி கும்பிடும் பொருளில் அழுக்கு இருக்கக் கூடாது என்று கழற்றிக் கழுவிக் காயவைத்துவிட்டார்கள். அப்போதுதான் சார்ஜ் ஏறி முடிந்த பேட்டரி. அதன் மேல் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும் வாயு நின்றிருக்கும். கலைச்செல்வியின் அம்மா, மகள் ஜெயிக்க வேண்டும் என்று வீட்டுச் சாமி அறையிலிருந்து ஒரு சின்னப் பித்தளை வேலைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதை ரோபோவின் தலையில் நிற்க வைத்துவிட்டு, கலைச்செல்வி குனிந்து மாலை போட்டாள். மாலை இடித்து வேல் சரிந்தது. கீழே மூடியில்லாமல் இருந்த பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்து பொறி பறந்தது.

நான் வாசலில் தேங்காய் உடைக்க நின்றிருந்தேன். வெடித்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். பேட்டரிக்குள் இருந்த ஆசிட் கண்ணில் தெறித்திருந்தது. அவளோடு படித்த தினகரன் தோம்பைத் தூக்கிவந்து அவள் முகத்தில் தண்ணீரை ஊற்றினான். நிறுத்தாமல் ஊற்றினான். தோம்பு காலியானதும் பூஜைக் குடத்தையும் எடுத்து ஊற்றினான்.

மருத்துவமனை வராந்தாவில் அவள் அம்மா வேலை உடையோடு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டவர் அழவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் குடுத்த வேல்தானே சார்?"

அந்தத் தாயிடம் என்ன சொல்ல முடியும்? இரண்டு கண்ணுமே சந்தேகம் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அங்கிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன். என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முருகன் கோயில். சிறு வயதிலிருந்து கும்பிடும் சந்நிதி. அன்றைக்கு அவன் கையிலிருந்த வேலைப் பார்க்கவே எனக்குக் கசந்தது. மொட்டை போடுகிறேன், காவடி எடுக்கிறேன் என்று எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. பேரம் பேச மனம் வரவில்லை. வாய்விட்டே கேட்டேன்: "உன் வேலால வந்ததுப்பா. உன்னைக் கும்பிட வந்த பிள்ளை. அவ கண்ணைக் குடு. குடுக்கலன்னா இனிமே நான் இங்க எதுக்கு வரணும்?" குருக்கள் திரும்பிப் பார்த்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். கோபமும் அழுகையும் ஓய்ந்தபோது, "நீயே பாத்துக்கோ" என்பதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை.

பிறகு வந்த நாட்களைச் சொல்லப் பயமாக இருக்கிறது. ஒரு நாள் கட்டைப் பிரித்தார்கள். வலது கண்ணில் பார்வை இருந்தது. இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. உடனே தண்ணீர் ஊற்றியது யார் என்று டாக்டர் கேட்டார். அந்தத் தண்ணீர் இல்லையென்றால் இரண்டுமே போயிருக்கும் என்றார்.

காய்ந்து கிடந்த பட்டறையில் அந்தத் தண்ணீர் இருந்தது பூஜைக்காக. பூஜை இல்லாவிட்டால் வேலும் இருந்திருக்காதே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் முருகனிடம் கேட்டேன். இன்னும் பதில் இல்லை. ஆனால் நான் கோயிலுக்குப் போய்ச் சண்டை போடுவதற்கு முன்பே அவன் அந்தப் பிள்ளைக்குத் தண்ணீரை வைத்திருந்தான் என்று மட்டும் என் மனம் பிடித்துக்கொண்டது. வலது கண்ணுக்காக நன்றி சொன்னேன். இடது கண்ணுக்காக அழுதேன். இரண்டையும் ஒரே சந்நிதியில்தான் செய்தேன்.

அந்த வருஷப் போட்டிக்கு நாங்கள் போகவில்லை. மறு வருஷம் கலைச்செல்வி பட்டறைக்குத் திரும்பி வந்தாள். கூடவே அவள் அம்மாவும் வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். ஒற்றைக் கண்ணில் தூரம் சரியாகப் பிடிபடாது. வயரைத் திருகாணிக்கு நேராகக் கொண்டுபோவாள், அது விலகிப் போகும். மறுபடி கொண்டுபோவாள், மறுபடி விலகும். எனக்குத் தாங்கவில்லை. வாங்கிப் போட்டுவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"விடுங்க சார். மெதுவா போட்டுக்கிறேன்."

இடது கை விரலை முதலில் திருகாணியில் வைத்தாள். விரலைத் தொட்டபடியே வயரை நகர்த்தினாள். உள்ளே போனது. இறுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். பிறகு ரப்பர் மூடியை எடுத்துத் தானே அழுத்திப் போட்டாள். வாசலில் நின்ற அவள் அம்மா அன்றுதான் முதன்முதலாகச் சத்தம் போட்டு அழுதார்.

சொந்தங்களே, உங்கள் வீட்டிலும் பதில் வராத கேள்விகள் இருக்கும். அவன் மேல் கோபமும் இருக்கும். கோபத்தை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள். அதையும் கொண்டுபோய் அவன் முன்னால் கொட்டுங்கள். கேட்டுக்கொள்வான். நான் கேட்டதில் பாதியைத்தான் கொடுத்தான். அந்தப் பாதியில் ஒரு பெண் இன்று வெளிச்சத்தைப் பார்க்கிறாள்.