காலுக்குத் தெரிந்த கல்

எண்ணூர் ஆற்றில் புதுப் பாலத்துக்குத் தூண் போட வந்தவர்கள், நாங்கள் இறால் பிடிக்கிற இடத்திலேயே இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்து அடித்து இறக்கினார்கள். நாலு பக்கமும் அடைத்துவிட்டு, உள்ளே நின்ற தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தார்கள். காஃபர் டேம் என்று அதற்குப் பெயராம். எனக்கு அது இரும்புத் தொட்டி. ஊரில் உள்ள தொட்டிக்கெல்லாம் தண்ணீர் உள்ளே இருக்கும். இதற்கு வெளியே இருந்தது.

நாங்கள் என்று எழுதிவிட்டேன். கையால் தடவி இறால் பிடிக்க இப்போது நான் ஒருத்திதான் இறங்குகிறேன். கூட இறங்கியவர்கள் வீட்டு வேலை, கம்பெனி வேலை என்று போய்விட்டார்கள். மகன் எர்ணாவூரில் மாடி வீட்டில் இருக்கிறான். வா என்றுதான் கூப்பிடுகிறான். என் சோற்றுக்கு என் கை இருக்கிறது, நான் போகவில்லை.

கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, இறால் போடுகிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவியபடி நகர வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. கலியாணமான புதிதில் என் வீட்டுக்காரர், படகு போகிற பள்ளத்துக்கு முன்னால் கிளிஞ்சல் மேட்டில் ஒரு கல்லைப் போட்டுவைத்தார். நான் குள்ளம்.

"கல்லு கால்ல தட்டுச்சினா நின்னுக்கோ. அந்தாண்ட எனக்கே ஆழம்" என்றார்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கல் தட்டியதும் நின்று திரும்புவேன். அவர் சொல்லிக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கும். ஒரு நாளும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. இப்போது அது தொட்டிக்குள் மாட்டிக்கொண்டது. சேற்றை வாரிக் கொட்டிவிட்டு கான்கிரீட் போடப்போகிறார்கள். அதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

தினமும் கரையில் போய் நின்றேன். மேஸ்திரி வடசென்னை டோல்கேட் பக்கத்து ஆள்.

"இன்னா ஆயா, தெனிக்கும் வந்து எட்டிப் பாத்துகினு கீற? நகை நட்டு எதுனா வுட்டுட்டியா?"

"என் கல்லு ஒண்ணு உள்ள கீது."

"ஆத்துல கல்லு இல்லாம இட்லியா இருக்கும்?"

"சிரிக்காத நைனா. அத்த நான் பாக்கணும்."

அவர் சிரித்தார். ஆனாலும் எஞ்சினியரிடம் கேட்டுவிட்டு வந்து, என் தலையில் வேலைக்காரர்கள் போடுகிற தொப்பியை மாட்டிவிட்டு, இரும்புப் படியில் என்னைக் கைபிடித்து இறக்கினார்.

கீழே எனக்கு ஒன்றும் புரியவில்லை. கறுப்புச் சேறு, அனல்மின் நிலையத்துச் சாம்பல், கிளிஞ்சல். தகட்டு இடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. இத்தனை காலம் நான் வளையவந்த இடம். யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டது போல இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். குந்தி உட்கார்ந்து, தண்ணீரில் நகர்வது போலவே நகர்ந்தேன். மேலே யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

காலில் தட்டியது.

கண்ணைத் திறந்து, ஒட்டியிருந்த கிளிஞ்சலைச் சுரண்டினேன். ஒரு மூலை உடைந்திருந்தது. இரண்டு பேர் புரட்டிப் போட்டார்கள். மறுபக்கம் அரைத்து அரைத்துக் குழிந்த அம்மிக்கல். அம்மா வீட்டுச் சீதனம். மீன்பாடி வண்டியிலிருந்து இறக்கும்போது மூலை உடைந்த அதே அம்மி. அது காணாமல் போன அன்று, "எவனோ தூக்கினு பூட்டான்" என்று சொன்னவர் அவர்தான். அன்றைக்கு எனக்குச் சமமாக அவரும் திருடனைத் திட்டினார்.

"அட பாவி மனுசா, வேற கல்லே கெடைக்கலியா உனக்கு?" என்று வாய்விட்டுக் கத்தினேன்.

"யார ஆயா திட்ற?" என்றார் மேஸ்திரி.

"என் வூட்டுக்காரரத்தான்" என்றேன். திட்டினால் உடனே எதிர்ப்பேச்சு பேசுகிற மனுசன் அவர்.

"வேணும்னா கிரேன்ல தூக்கி மேல வெக்கிறேன். அரைக்கப் போறியா?"

"யாருக்கு அரைக்கிறது? தூக்கி வை."

வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். உள்ளே நகர்த்த என்னால் ஆகவில்லை. நகர்த்தச் சொல்லி யாரையும் கேட்கவும் இல்லை. விடியலில் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது கால் அதில் தட்டுகிறது. தட்டியதும் நின்றுவிடுகிறேன். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன். பிறகு சுற்றிக்கொண்டு போகிறேன்.