இரங்கல் கூட்டங்களில் பேசிப் பழகினோம்

எனக்கு மேடைப் பேச்சு வந்தது செத்தவர்களின் தயவில். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வேடிக்கைக்குச் சொன்னவற்றுக்கே யாரும் சிரித்ததில்லை என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள். கிழக்குத் தாம்பரத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிகளுக்கு இடையிலான சொற்போர்ப் போட்டிக்கு ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் தலைப்பை ஒட்டிப் பேசுவார், மற்றவர் வெட்டிப் பேசுவார். ஒட்டிப் பேச என் வகுப்புப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். வெட்டிப் பேச என்னை. சொன்ன வேலையை மறுக்கிறவன் என்று ஆசிரியர்களிடம் எனக்கு இருந்த நல்ல பெயர்தான் காரணமாக இருக்க வேண்டும். மைக்கைக் கண்டதும் என் இரண்டு முழங்கால்களும் தங்களுக்குள் தனி விவாதம் ஒன்றைத் தொடங்கிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவள் கோவளத்துக்குச் சற்று வடக்கே இருந்த ஒரு மீனவக் குப்பத்துப் பெண். அவளுடைய அத்தை தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றார். அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். மேடையில் ஏறினால் 'இருக்கின்றது' என்பாள். இறங்கியதும் 'கீது' என்பாள். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு ஒரு படி கூட இருந்ததில்லை.

பேசிப் பழக இடம் வேண்டியிருந்தது. ஆளுமை வளர்ச்சி என்று போர்டு மாட்டிய வகுப்புகளுக்குப் பணம் கட்ட இரண்டு வீட்டிலும் வழியில்லை. நூலகத்தில் வாயைத் திறந்ததுமே வெளியே அனுப்பினார்கள். மைதானத்தில் நின்று பேசினால் தலைக்கு மேல் பயிற்சி விமானம் போகும். என் வாதங்களில் சிறந்தவற்றையெல்லாம் அதுதான் தூக்கிக்கொண்டு போனது. கடைசியில் எங்கள் நகர் நலச்சங்கத்துச் செயலாளரிடம் போய் நின்றோம். ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரி. சங்கத்துக்குச் சொந்தமான மைக் செட் அவர் வீட்டுப் பீரோவில் பூட்டிக் கிடந்தது.

"மைக் இருக்கு, ஹால் இருக்கு, ஜனங்களும் வருவாங்க" என்றார். "பேசத்தான் ஆள் இல்லை. நல்லாப் பேசினவங்க எல்லாம் வரிசையாப் போயிட்டாங்க. அவங்க படத்தைத் திறந்து வச்சுப் பேசக்கூட யாரும் வர மாட்டேங்குறாங்க."

"செத்தவரை எங்களுக்குத் தெரியாதே சார்?"

"தெரிஞ்சவங்கதான் தம்பி தயங்குறாங்க."

இப்படித்தான் படத்திறப்புகள் எங்களுக்கு இலவசப் பயிற்சிக்கூடம் ஆயின. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மாலையில் சங்கத்து ஹாலில் படத்தைத் திறப்பார்கள். மதியமே அந்த வீட்டுக்குப் போய் மோர் குடித்துக்கொண்டே விவரம் கேட்டுக்கொள்வோம். நேரம் முடிந்தால் செயலாளர் ஸ்பூனால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டுவார். கைதட்டல் கிடையாது. அதற்கு ஈடாக வாசலில் காபி உண்டு.

முதல் கூட்டத்திலேயே என் பெயர் ஊரில் நிலைத்துவிட்டது. போனவர் ஒரு வங்கி மேலாளர். "யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவர்" என்று அவள் உருக்கமாகப் பேசி முடித்தாள். அடுத்தது நான். முழங்கால் ஆடியது. தலைக்குள் ஒன்றுமே இல்லை. பழக்கம் மட்டும் வேலை செய்தது.

"எனக்கு முன் பேசிய தோழியின் கருத்தை நான் அடியோடு மறுக்கிறேன்!"

 டம்ளரைத் தட்டுவதா, என்னைத் தட்டுவதா என்று செயலாளர் யோசிப்பது தெரிந்தது. முன்வரிசையில் குனிந்திருந்த மேலாளரின் மனைவி மெல்ல நிமிர்ந்தார்.

"அந்தப் பையன் சொல்றதுதான் நிஜம்" என்றார். "பேசட்டும், விடுங்க."

அன்று அவள் பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே வந்தாள். "பொணத்துகிட்ட சண்டைக்குப் போன மொத ஆளு நீதாண்டா."

அதற்குப் பிறகும் நிறையப் பேர் போனார்கள். நாங்கள் தேறினோம். யார் வீட்டு வாசலிலாவது சாமியானா தெரிந்தால், ஐயோ பாவம் என்பதற்கு முன்னால் 'இன்று பேச வாய்ப்பு' என்று மனம் கணக்குப் போட்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனோம்.

அந்தக் கார்த்திகையில் அவள் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அலையில் படகு கவிழ்ந்திருக்கிறது. கூடப் போனவரை வேறொரு படகுக்காரர்கள் தூக்கினார்கள். கவிழ்ந்த படகும் கிடைத்தது. அப்பா கிடைக்கவில்லை. அவள் அம்மா ஒரு சொட்டு அழவில்லை. எங்கேயோ ஒதுங்கியிருக்கிறார், வருவார் என்றார். தினமும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டார், பொட்டு வைத்துக்கொண்டார், ராத்திரிச் சோற்றில் அவருக்கும் எடுத்து வைத்தார்.

மாசித் திருவிழா நெருங்கியது. குப்பத்தில் ஒரு சாவு முடியாமல் நிற்கும்போது அம்மனுக்குக் காப்புக் கட்டக்கூடாது என்பது அங்கே வழக்கம். செத்தாரா இல்லையா என்று அந்த வீடு சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் அம்மாவிடம் பலமுறை போய்ப் பேசித் தோற்றுத் திரும்பினார்கள். பிறகு அவளுக்கு ஆள் அனுப்பினார்கள்.

"படத்தொறப்பு வெக்கறாங்களாம். நான்தான் பேசணுமாம்" என்று என்னிடம் சொன்னாள். "ஊரு ஊராப் போயி யாராருக்கோ பேசினியே, உங்கம்மாவுக்குப் புரியறாப்புல நீயே சொல்லுன்றாங்க."

"நீ என்ன நினைக்கிற?"

"நான் இன்னா நெனச்சா இன்னாடா? நமக்குக் குடுக்கறதுதானே நம்ம பக்கம்."

போட்டிக்காகப் பழகும்போது நாங்கள் எப்போதும் செய்கிற ஒன்றுண்டு. ஒருவர் எதிராளியாக நின்று வாதாட வேண்டும். மற்றவர் ஒவ்வொன்றுக்கும் பதில் தேட வேண்டும். அன்று மாலை, செயலாளரைத் தவிர ஆளில்லாத சங்க ஹாலில் என்னை எதிரே நிற்க வைத்தாள்.

"நீதான் எங்கம்மா. வெட்டிப் பேசு."

கைக்குட்டையைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

ஆள் மூழ்கியதை யார் பார்த்தது என்று கேட்டேன். கூட இருந்தவர் பார்த்தார், கை நழுவியதைப் பார்த்தார் என்றாள். ஆந்திராப் பக்கம் ஒதுங்கி பல மாதம் கழித்து வந்தவர்கள் இல்லையா என்றேன். அந்தக் கரையில் இருக்கும் குப்பங்களுக்கெல்லாம் ஆள் போய்க் கேட்டு வந்தாயிற்று என்றாள். இலங்கையில் பிடித்து வைத்திருந்தால்? பிடித்தவர்களின் விவரம் வந்துவிட்டது, அதில் அவர் இல்லை. அவள் பதில்கள் எல்லாம் தயாராக இருந்தன. எனக்குத் தோற்கிற ரோஷம் வந்துவிட்டது. யாருடைய சாவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோனது.

"உடம்பைக் காட்டு. காட்டினா ஒத்துக்கிறேன்."

 ஓரத்தில் உட்கார்ந்திருந்த செயலாளர் டம்ளரைத் தட்டவில்லை.

"இதுக்கு இன்னாடா பதிலு?"

"தெரியல."

"கேட்டவனுக்கே தெரியலன்னா நான் எங்க போறது" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டாள். அவளிடம் நான் ஜெயித்த ஒரே வாதம் அது.

படத்திறப்பு அன்று மேடவாக்கம் வழியாகப் பஸ்ஸில் போனேன். தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. போய்ச் சேராமலே இருந்தால் தேவலை என்று இருந்தது. எல்லா நாளும் தாமதமாகிற பஸ் அன்று நேரத்துக்குப் போய்விட்டது. மணலில் சாமியானா போட்டிருந்தார்கள். படம் வெள்ளைத் துணிக்குள் இருந்தது. முன்வரிசையில் அவள் அம்மா, தலை நிறையப் பூவோடு, நெற்றியில் பெரிய பொட்டோடு, கல்யாண வீட்டுக்கு வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் நேராகப் பார்க்கவில்லை.

அவள் மேடைத் தமிழில்தான் தொடங்கினாள். குரல் நடுங்கவில்லை. "என் தந்தையார் மறைந்துவிட்டார் என்பதை நிறுவ வந்திருக்கின்றேன்" என்றாள். கரையெல்லாம் விசாரித்ததைச் சொன்னாள். ஹாலில் நான் கேட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றாக மடக்கினாள். இவ்வளவு நன்றாக அவள் பேசி நான் கேட்டதில்லை. அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அதோடு இறங்கியிருக்கலாம். ஆனால் எதிராளியின் வலுவான கேள்வியை மறைக்கக்கூடாது, நாமே எடுத்து வைத்துப் பதில் சொல்ல வேண்டும் என்பது நாங்கள் பழகிய முறை.

"இன்னும் ஒரு வினா எஞ்சியிருக்கின்றது" என்றாள். "உடல் எங்கே என்பது அந்த வினா."

நின்றுவிட்டாள். மைக்கில் கடல் இரைச்சல் கேட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மறுபடியும் "உடல்" என்றாள், மறுபடியும் நின்றாள். டம்ளர் தட்ட அங்கே யாரும் இல்லை.

அம்மா எழுந்தார். "போதும் கண்ணு. எறங்கு."

"பதிலு சொல்லலியேம்மா."

"வேணாம். நீ அங்க நின்னுகினு கீறத என்னால பாக்க முடியல. எறங்கு."

மேடைத் தமிழ் முழுதும் போய்விட்டது அவளுக்கு. மைக் வாய்க்கு நேராகவே இருந்தது. "நைனா வந்துட்டா இன்னாம்மா சொல்லுவ?" என்று கேட்டது குப்பம் முழுவதற்கும் கேட்டது.

"வந்தா, நீ நல்லாப் பேசினன்னு சொல்றேன்."

அம்மா போய்த் துணியைத் தானே இழுத்தார். யாருடைய கல்யாணப் படத்திலிருந்தோ வெட்டிப் பெரிதாக்கிய முகம். தோளில் வேறு யாருடைய கையோ இருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தலையிலிருந்த பூவை எடுத்துப் படத்தின் கீழே வைத்தார். பெண்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நேரத்தில் யாரோ, நிகழ்ச்சி முறை தவறக்கூடாதென்று, அடுத்து நான் பேசுவேன் என்று அறிவித்துவிட்டார். மைக் முன்னால் போய் நின்றேன். "எனக்கு முன் பேசிய" என்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஒரு பெரியவர் சோடா உடைத்துக் கையில் கொடுத்து என்னை உட்கார வைத்தார்.

மறுநாள் குப்பத்தில் காப்புக் கட்டினார்கள். அவள் அம்மாவோடு அங்கேயே இருந்துவிட்டாள். பரீட்சைக்கு மட்டும் வந்தாள். எதிரெதிராகப் பார்த்தால் தலையசைத்துக்கொள்வோம். சொற்போருக்கு என்னை வேறொரு பெண்ணோடு அனுப்பினார்கள். அந்தப் பெண் ஒட்டிப் பேசி முடித்ததும் நான் எழுந்தேன். எனக்கு முன் பேசிய தோழியின் கருத்தை அடியோடு மறுக்கிறேன் என்றேன். கைதட்டினார்கள். குனிந்து பார்த்தேன். முழங்கால் ஆடவில்லை.