கதை கேட்ட மாதம்

அத்தை தன் தம்பிக்கு மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருந்தாள். தம்பியின் இரும்புக்கடைக்கு மேலே இருந்த அறை அது. பள்ளியில் மூன்று மாதப் பருவம் முடிகிற அன்று பணம் வரவில்லை என்றால் அங்கே குழாய்களை அடுக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டான். உடன்பிறந்தவன்தான், ஆனால் காசு என்று வந்துவிட்டால் அக்காவும் வாடிக்கையாளர்தான்.

அத்தை முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக நின்றவள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். அந்தச் சம்பளத்தில் இரண்டு மகன்களை ஆளாக்கியவள். "பெரிய டாக்டரே என்னைக் கேட்டுட்டுத்தான் வார்டுக்குள்ள காலை வைப்பார்" என்று சொல்வாள். பாதி பொய்யாக இருக்கலாம். மீதி போதும்.

ஓய்வு பெற்றதும், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பள்ளி விட்டபின் பார்த்துக்கொள்ள அந்த மாடியைப் பிடித்தாள். வந்ததும் பை ஆணியில் தொங்க வேண்டும். கைகால் கழுவி, பாலும் ரொட்டியும் உள்ளே போனபின் பின்பக்கக் காலி இடத்தில் ஓட்டம். வேர்வை அடங்கிய பிறகே புத்தகம். வீட்டுப்பாடம் எழுதுமுன், அன்று படித்ததை அத்தைக்குச் சொல்ல வேண்டும்.

"எனக்கே புரிஞ்சிடுச்சுன்னா நீ ஒழுங்காப் படிச்சிருக்கேன்னு அர்த்தம்" என்பாள். அவளுக்கு எல்லாமே புரிந்தது. அங்கேதான் வினை வந்தது.

ஒரு நாள் மருந்துக்கடைக்காரர் விடைத்தாளோடு படியேறி வந்தார். தன் மகளையும் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரையும் அங்கே விட்டிருந்தவர். மற்ற வீட்டுப் பணம் பாலுக்கும் ரொட்டிக்கும் சரியாகிவிடும். இவர் பருவக் கடைசியில் மொத்தமாகத் தருவதுதான் வாடகை.

"வரலாறுல ஒன்பது மார்க்! சாயங்காலமெல்லாம் இங்க என்னதாங்க நடக்குது?"

"ஒன்பதா? அந்த ராஜா பாடத்தை நாலு நாளா எங்கிட்ட சொன்னாளே! தொலைஞ்சு போன தம்பி திரும்பக் கிடைச்சப்ப நான் அழுதே போயிட்டேன்."

"எந்தத் தம்பி? அந்தப் பாடத்துல ராஜாவுக்குத் தம்பியே கிடையாது."

வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் அவர் மகள் காலால் தரையைச் சுரண்டினாள். ஒரு மாதமாகவே அவள் அத்தைக்குச் சொல்லி வந்தது சினிமாக் கதை.

"பருவம் முடியுற அன்னிக்கு நானே வந்து உட்காருவேன். அப்பவும் கதைதான்னா மூணு பேரையும் கூட்டிட்டுப் போயிடுவேன். பைசா தரமாட்டேன்." விடைத்தாளை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அத்தைக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. வார்டில் ஒரு நோயாளிகூட அவளை ஏமாற்றியது கிடையாது. ஒரு சுண்டைக்காய் ஏமாற்றிவிட்டதே! வாயாடியை அவள் திட்டவில்லை. மறுநாள் முறையை மாற்றினாள். ஒருத்தி சொல்ல வேண்டும். எதிரே இன்னொருத்தி புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிசகினால் கை தூக்கலாம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அடுத்தவர் தப்பைப் பிடிப்பதற்காகவே பாடத்தை வரிவரியாக மேய்ந்தார்கள்.

சொன்ன நாளில் மருந்துக்கடைக்காரர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாசல் நிலையில் சாய்ந்தபடி தம்பி அறையைக் கண்ணாலேயே அளவெடுத்துக்கொண்டிருந்தான். குழாய்கள் கீழே தயாராக இருந்தன.

"அதே ராஜா பாடம். சொல்லு."

வாயாடி எழுந்து நின்றாள். "ராஜா ஏரி வெட்டினார்..."

எதிரே பெரியப்பா மகள் கை தூக்கினாள். மருந்துக்கடைக்காரர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார்.

"இல்ல, இல்ல" என்று வாயாடி தானே திருத்திக்கொண்டாள். "ஏரி ஏற்கெனவே இருந்துச்சு. வாய்க்கால்தான் வெட்டினார். அந்தச் செலவுக்கு வரி போட்டார். தாங்க முடியாம ஜனங்க ஊரைக் காலி பண்ணிட்டாங்க."

தூக்கிய கை இறங்கியது.

அத்தை சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஏண்டி, ஜனங்க போயிட்டா அப்புறம் வரி யாரு கட்டுறது?"

தம்பிகூட நிலையை விட்டு நிமிர்ந்தான். வாயாடி கண்ணை மூடி யோசித்தாள்.

"அதான் அத்தை! யாருமே கட்டல. படைக்குச் சம்பளம் குடுக்க முடியல. அதனாலதான் சண்டையில தோத்துட்டார்."

மருந்துக்கடைக்காரர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். இரண்டு பக்கம் தள்ளி அது இருந்தது. இன்னொரு முறை படித்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் கை விட்டார்.

"எங்கிட்ட வேண்டாம். அதோ நிக்கிறான் பாருங்க, அவன் கையில எண்ணி வைங்க" என்றாள் அத்தை, தலையை நிமிர்த்தி.

தம்பி கையை நீட்டினான். இரண்டு மாதப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு மருந்துக்கடைக்காரர் நிறுத்தினார். "கதை கேட்ட மாசத்துக்குக் கிடையாது."

"கதை சொன்னது யாரு வீட்டுப் பொண்ணு? அது என்ன, என் செலவா?" என்றாள் அத்தை.

வாயாடி களுக்கென்று சிரித்தாள். தம்பி நீட்டிய கையை மடக்கவே இல்லை. மருந்துக்கடைக்காரர் அத்தையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மூன்றாவது மாதத்தையும் ஒவ்வொரு நோட்டாக அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.