கை படாத எழுத்து

அவளும் அவனும் ஒரே கல்லூரியில் எழுத்துரு வரையப் படித்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் ஆபீஸ் போட்டான். அவள் படுக்கையறையில் இஸ்திரி மேஜைமேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற தொழில் என்று சொந்தக்காரர்களிடம் சொல்வான். வாடிக்கையாளர்களிடம் சொல்ல மாட்டான்.

அவனைப் பெரிய ஆளாக்கியது ஓர் எழுத்துரு. வட்டமும் நேர்கோடும் மட்டும்தான். நாளைய உலகத்தின் எழுத்து என்று சொல்லி விற்றான். முதலில் விண்கலம் பறக்கும் வீடியோ கேமில் வந்தது, பிறகு கார் விளம்பரத்தில், கடைசியில் ஷாம்பு பாட்டிலிலும் பல் டாக்டர் போர்டிலும். நாளைய உலகம் அங்கேதான் போய் நிற்கும் போலிருக்கிறது.

ஆனால் காம்பஸில் இழுத்த வட்டத்தை அப்படியே எழுத்தாக வைத்தால் கண் ஏற்காது. மேலும் கீழும் தடித்துத் தெரியும். பக்கத்து எழுத்தைவிடக் குள்ளமாக நிற்கும். வளைவு கோட்டோடு சேரும் இடம் மை கட்டினாற்போல் கறுக்கும். மயிரிழை சீவி, மயிரிழை ஏற்றி, அதைச் சுத்தமான வட்டம்போலத் தெரியவைத்தவள் அவள்தான். ஒவ்வொரு எழுத்தையும், அடுப்புக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே.

பரிசு விழாவில் அவன் மைக்கைப் பிடித்தான். "இந்த எழுத்துல மனுஷக் கையே படல. எல்லாம் சுத்தமான கணக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் அவளை இடித்தாள். "அண்ணி, அண்ணன் என்னமா பேசறாரு பாத்தீங்களா!"

"பாத்தேன்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டாள்.

"என் பேர ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ கொறஞ்சா போயிருப்ப?"

"கை படலன்னு சொல்லித்தானே விக்கிறோம்? நமக்குள்ள என்ன உன் பேரு, என் பேரு?"

பிறகு ரயில் நிலையப் பலகைகளுக்காக அதே எழுத்தைத் தடிமனாகக் கேட்டார்கள். அவன் வட்டங்களை இழுத்து வழக்கம்போல் அவளுக்கு அனுப்பினான். கை படாத எழுத்துதானே, படாமலே இருக்கட்டும் என்று அவள் ஒன்றையும் தொடாமல் திருப்பி அனுப்பினாள். அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. என்றைக்குப் பார்த்தான்?

பலகைகளை மாட்டிய பிறகுதான் ரயில்வேக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். வளைவெல்லாம் அடைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் ஊர்ப்பெயர் கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. அவனுக்கு போன் வந்தது. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது, பொய் சொல்வானேன். இத்தனை நாள் யார் சரிசெய்தது என்று இப்போதாவது அவன் சொல்லித்தானே ஆகவேண்டும்? மடித்த துணியைக் கையில் வைத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டாள்.

"இல்ல சார், நான் வரைஞ்சது கரெக்டாத்தான் இருந்துச்சு. என் மனைவி இடையில கை வெச்சுட்டாங்க. அதான் கெட்டுப்போச்சு."

அந்தப் பக்கம் பெயர் கேட்டார்கள் போலிருக்கிறது. அவன் அவள் பெயரைத் தப்பில்லாமல், எழுத்து எழுத்தாக நிறுத்திச் சொன்னான்.