பதின்மூன்றாம் பத்தி

ஜீனத் அக்காவின் தம்பி ரஹீம் திண்டுக்கல்லிலிருந்து அழைத்தபோது நான் டெல்லி அலுவலகத்தில் ஓர் அறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தேன். "அக்கா மௌத்தாயிட்டாங்கண்ணே. அஸர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்" என்றார். அதற்குள் போய்ச் சேர வழியில்லை. மறுநாள் திண்டுக்கல் பேகம்பூரில் அக்கா வீட்டை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் வெளியுறவு ஆய்வு நிறுவனத்தில் அவருடன் இருந்தவர்களுக்கு இது தெரியும். நாங்கள் அரசு மானியத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். அச்சாகும் முன் எங்கள் அறிக்கைகள் 'ஒரு பார்வைக்கு' மேலே அமைச்சகத்துக்குப் போகும். பிடிக்காத பத்தி அடிபட்டுத் திரும்பும். பதிப்பாசிரியரான அக்கா சண்டை போடமாட்டார், பத்தியை எடுத்துவிடுவார். ஆனால் அதற்கடுத்த பத்திகளின் எண்களை மட்டும் மாற்றமாட்டார். "தூக்கச் சொன்னா தூக்கிருவேன் அப்பு. நம்பரை மாத்தச் சொன்னா நடக்காது. இடையில ஒண்ணு எங்கன்னு படிக்கிறவன் தேடட்டும்" என்பார். இயக்குநர்கள் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள்.

நானும் திண்டுக்கல் பக்கம், சாணார்பட்டிக்காரன். அந்தக் கட்டடத்தில் எங்கள் ஊர்ப் பேச்சுப் பேச எனக்கு அவர், அவருக்கு நான். மதியம் என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, "ஏலே, இன்னைக்கும் ஊறுகாதான் வெஞ்சனமா?" என்று தொட்டுக்கொள்ளத் தன் கறியில் பாதியை எனக்கு வைப்பார்.

இலங்கைக் கடலில் பிடிபடும் மீனவர்களைப் பற்றிய அறிக்கையை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். பதின்மூன்றாம் பத்தியில், சிறையிலிருந்தவர்களின் மனைவிமார் அக்காவிடம் சொன்னவை இருந்தன. அது அடிபட்டு வந்த வாரம் அவர் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். "எண்களை வரிசையாக்கி அச்சுக்கு அனுப்புங்கள்" என்றார் இயக்குநர். என் பதவி உயர்வுக் காகிதம் அவர் மேசையில் கிடந்தது. வரிசையாக்கி அனுப்பினேன்.

திரும்பி வந்த அக்கா அறிக்கையைப் புரட்டிவிட்டு, "அட்டை நல்லா வந்திருக்குலே" என்றார். கவனிக்கவில்லை என்று நம்பினேன், நம்ப ஆசைப்பட்டேன். ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் போனில், "சாப்டியா? என்ன வெஞ்சனம்?" என்று விசாரிப்பார். ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிவிட நினைப்பேன். முட்டைப் பொரியல் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

பேகம்பூர் வீட்டில் ரஹீம் அலமாரியிலிருந்து அந்த மீனவர் அறிக்கையை எடுத்துக் கொடுத்தார். "டெல்லில இருந்தப்பவே கொண்டாந்து வச்சிட்டாங்கண்ணே. யாரையும் தொட விட மாட்டாங்க." பிரித்துப் பார்த்தேன். நான் பதின்மூன்று ஆக்கியதை அவர் பென்சிலால் பதினான்காகத் திருத்தியிருந்தார். அப்படியே கடைசிப் பக்கம் வரை. என்னைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. இத்தனை வருடமும் தெரிந்தேதான் சாப்டியா என்று கேட்டிருக்கிறார். ரஹீம் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

டெல்லிக்குத் திரும்பிவிட்டேன். மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை போன் அடிப்பதில்லை. மேசையில் கிடக்கும் அறிக்கையில் ஏழாம் பத்தியை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், எடுத்துவிட்டேன். ஆறுக்கு அடுத்து எட்டு இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். ஏழு எங்கே என்று நாளை இயக்குநர் கேட்பார். பதில் சொல்ல இந்த அலுவலகத்தில் இனி நான் மட்டும்தான் இருக்கிறேன்.