நாற்பது நாள் தவணை

கனடாவில், மல்வேர்னில் நான் பதினோராம் வகுப்புப் படித்தபோது, ஒரு சனிக்கிழமை அண்ணன் தன் கூட்டத்துக்கு எதிர்க் கூட்டத்துப் பொடியன் ஒருவனின் கையை முறித்துவிட்டான்.

திங்கட்கிழமை வகுப்பில் இடைக்கால ஐரோப்பியப் பிரபுக்களின் சண்டைகளைப் பற்றிப் படிப்பித்தார்கள். பழிவாங்க அவர்கள் பகைவனின் உறவினரையும் வெட்டினார்களாம். சண்டையில் சேராத உறவினரை நாற்பது நாள் தொடக்கூடாதென்று அரசர் ஒருவர் ஆணையிட்டாராம்.

“பிரபுக்கள் கேட்டார்களா?” என்றேன்.

“அரசரின் படை பக்கத்தில் இருந்தால் கேட்டார்கள்,” என்றார் ஆசிரியர்.

பள்ளி விட்டதும் பஸ் தரிப்பிடத்தில் எதிர்க் கூட்டத்துப் பொடியன்கள் மூன்று பேர் நின்றார்கள். ஒருவன் கிட்ட வந்தான்.

“நீர் அவன்ரை தங்கச்சியோ?”

“இல்லை. எனக்கு அண்ணா ஒருத்தரும் இல்லை.”

என் முகத்தையே பார்த்துவிட்டு விலகினான். வீட்டில் அண்ணன் தேத்தண்ணி தந்தபோது அவனை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.