வீரகத்தி தின்ற பணியாரம்

கரவெட்டியில் வீரகத்திக்கு ஊரார் வைத்த பெயர் ஈர்க்கு. அடுத்தவன் தோட்டத்தில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்து, ஒரு நேரம் கஞ்சியும் ஒரு நேரம் மரவள்ளியுமாக வளர்ந்த உடம்பு அது. இரணைமடுக் குளத்துக்குக் கீழே குடியேறுகிறவர்களுக்கு வயலும் வீடும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஐம்பத்திரண்டாம் ஆண்டு மனைவி கமலாசனியையும் ஒரே மகள் அருந்ததியையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார். காடு வெட்டினார். கட்டை பிடுங்கினார். யானைக்குத் தகரம் தட்டினார். காய்ச்சலில் கிடந்து எழும்பினார். முதல் விளைச்சல் வீட்டுக்கு வந்தபோதுதான், வயிறு முட்டச் சோறு தின்பது எப்படியிருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியவந்தது. அப்போது அவருக்கு நாற்பது வயது.

பிறகு குடியேற்றத்துக்கு உழவு யந்திரம் வந்தது. மாட்டுக்குப் பின்னால் நடந்த கால்கள் வரம்பில் நின்று பார்க்கப் பழகின. சோறு மட்டும் குறையவில்லை. வீரகத்தி பெருத்தார். அதில் அவருக்குப் பெருமைதான். கரவெட்டிக்குக் கலியாணவீடு, செத்தவீடு என்று போனால் சட்டை போடாமல் சால்வையோடு நிற்பார். ஈர்க்கு என்று சொன்னவர்கள் பார்க்கட்டும் என்று.

அறுபத்து மூன்றாம் ஆண்டு கடைசியில் கால் விரலில் முள் குத்திய புண் ஆறாமல் கிடந்தது. அருந்ததி அதற்குள் படித்து முடித்து, அரசாங்க மருத்துவிச்சியாகி, குடியேற்றத்துக் கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். புண்ணைக் கண்டதும் தகப்பனை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனாள். சீனி வருத்தம் என்றார் டொக்டர். குளிசை கொடுத்தார். நிறை குறையவேண்டும், தினமும் நடக்கவேண்டும், நேரத்துக்குச் சாப்பிடவேண்டும் என்றார். ஒரு துண்டு கற்கண்டை எப்போதும் மடியில் வைத்திருக்கச் சொன்னார்.

"குளிசை போட்டுட்டுச் சாப்பிடாமல் விட்டால் கை நடுங்கும், வேர்க்கும். உடனே இதை வாயிலை போட்டுக்கொள்ளவேணும். விளங்குதோ ஐயா?"

"சீனி வருத்தத்துக்குக் கற்கண்டோ டொக்டர்? நல்ல வருத்தம்தான்," என்றார் வீரகத்தி.

வீட்டுக்கு வந்து அருந்ததி ஒரு ஒழுங்கு செய்தாள். விடிய எழும்பி ஐயா நெல் வாங்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கு நடக்கவேண்டும். அங்கே நெல் மூட்டை நிறுக்கும் பலகைத் தராசில் ஏறவேண்டும். வந்து நிறையைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு நாளும்.

கிளினிக்குக்கு வரும் தாய்மாருக்கு அவள் இப்படிச் சொல்வதில்லை. "மாதத்துக்கு ஒருக்கால் கொண்டு வாங்கோ, போதும். நெடுக நிறுத்தால் பயந்தான் கூடும்," என்பாள். குழந்தையை நிறுக்க முன் துணித்தொட்டிலைத் தராசில் வெறுமையாகத் தொங்கவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதைக் கழித்துக்கொள்வாள். பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். அதை அவள் ஒரு குழந்தைக்கும் தவறவிட்டதில்லை.

மாரி விளைச்சலான காலபோக நெல்லைச் சங்கம் வாங்கத் தொடங்கிய நாட்கள் அவை. வாசலில் வண்டிகளும் உழவு யந்திரங்களும் வரிசையாக நிற்கும். சாக்குக்கும் ஈரத்துக்குமென்று மூட்டைக்கு நாலு இறாத்தல் கழிவு. எல்லோரும் முணுமுணுப்பார்கள், எல்லோரும் கொடுப்பார்கள். அந்த வரிசைக்கு முன்னால் வீரகத்தி செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினார்.

"அண்ணை, இது எத்தினை புசல் தேறும்?" என்று கேட்டான் பக்கத்து வயல்காரன் சின்னராசா.

சங்க மனேச்சர் தில்லைநாதன் கோலில் குண்டைத் தள்ளினார். "இருநூற்றுப் பத்து இறாத்தல். நல்ல நெல்லுத்தான். ஈரம் கொஞ்சம் கூட."

"உமியையும் சேர்த்தெல்லோ நிறுக்கிறீர்," என்றார் வீரகத்தி.

தொடக்கத்தில் அந்த நிறுவை நல்லதைத்தான் செய்தது. அதை மறைக்க முடியாது. தராசுக்காக அவர் நடந்தார். தராசுக்காகச் சீனி போடாத தேத்தண்ணியை முகம் சுளித்துக் குடித்தார். கமலாசனி இரண்டாம் முறை சோறு போட வந்தால் சோற்றுக் கோப்பையைக் கையால் மூடினார். "வேண்டாம். நாளைக்குத் தில்லைநாதன் கேள்வி கேப்பான்." விரல் புண் ஆறியது. இருநூற்றுப் பத்து, இருநூற்று ஏழு, இருநூற்று மூன்று. சில நாள் ஒரு இறாத்தல் ஏறும். அன்று அவர் பேசமாட்டார். மறுநாள் இறங்கினால் வாசலிலேயே குரல் கேட்கும்.

பங்குனிக் கடைசியில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு வந்தது. சின்னராசா அவருடைய கையைப் பிடித்து உயர்த்தினான். "இருநூறுக்குக் கீழை வந்திட்டார்! அண்ணைக்கு ஒரு வெறுந்தேத்தண்ணி!"

சித்திரை வருஷம் பிறந்தது. கமலாசனி பயத்தம் பணியாரம் சுட்டா. அருந்ததி ஒன்றை எடுத்துத் தகப்பன் கையில் வைத்தாள். "வருஷத்துக்கு ஒண்டு. ஒண்டுதான் ஐயா." அவர் அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார். பிறகு மாட்டுக்கொட்டில் பக்கம் போனார். மற்றப் பலகாரப் பெட்டி அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிக்குப் பூட்டு இல்லை.

வருஷத்துக்குச் சங்கம் சில நாள் பூட்டியிருந்தது. திறந்த அன்று விடிய வீரகத்தி போனார். நெல் வாங்குவது முடிந்து களஞ்சியம் அமைதியாக இருந்தது. திரும்பி வந்து வாசல் வாங்குப்பலகையில் உட்கார்ந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அருந்ததி வேலைக்குப் போக சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு ஐயா?"

"இருநூற்றிரண்டு."

அவள் சைக்கிளைச் சுவரோடு சாத்தினாள். "எத்தினை சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டு."

"ஒரு பணியாரம் நாலு இறாத்தல் ஏத்துமோ?"

"ஒண்டுதான் மோனை. பிள்ளையாராணை ஒண்டுதான்."

"தராசுக்கு உங்களோடை என்ன கோபம் ஐயா? அது பொய் சொல்லாது."

கமலாசனி குசினி வாசலில் நின்றா. ஏதோ சொல்ல வாயெடுத்தா, விட்டுவிட்டா. வீரகத்தி தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் பொய் சொல்லுறன்," என்றார், அவளிடம் கேட்பதுபோல. அவள் சைக்கிளில் ஏறினாள். ஒரு பிரசவம் காத்திருந்தது.

நாலு இறாத்தல் ஏறவேண்டுமானால் ஒரு மனிதன் எவ்வளவு தின்னவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். படித்தவள். ஒரு பெட்டிப் பணியாரத்தைத் தின்றாலும் அந்த நாட்களுக்குள் அப்படி ஏறாது. கணக்குப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

சங்கத்திலும் கதை பரவியது. "அண்ணை அலுமாரியை உடைச்சுப்போட்டாராம்," என்றான் சின்னராசா. எல்லோரும் சிரித்தார்கள். வீரகத்தியும் சிரித்தார் என்று பிறகு சொன்னார்கள்.

அன்றிலிருந்து அவர் விடியவும் போனார், பின்னேரமும் போனார். நிறை குறைய வழியில் எச்சில் துப்பினார். நிறுக்க முன் தண்ணீர் குடிப்பதில்லை. மத்தியானச் சோற்றை வயலுக்குக் கட்டிக்கொண்டு போவார், வெறும் பாத்திரம் திரும்பி வரும். அந்தச் சோற்றில் பாதிக்குமேல் நாரைக்கும் காகத்துக்கும் போனது என்று அருந்ததி அறிந்தது பின்னால்தான். குளிசையை மட்டும் அவர் தவறவிடவில்லை. அது மகள் வாங்கிக்கொடுத்த குளிசை.

நூற்றுத் தொண்ணூற்றொன்பது. நூற்றுத் தொண்ணூற்றாறு. நூற்றுத் தொண்ணூற்று நாலு.

"பார்த்தீங்களோ ஐயா, சொல்லுக் கேட்டால் குறையும்தானே," என்றாள் அருந்ததி.

தகப்பனுக்கு அவள் சொன்ன கடைசிப் பாராட்டு அது.

வைகாசியில் ஒரு நாள், சிறுபோக வயலுக்கு மடை திறக்கப் போனவரைச் சின்னராசா உழவு யந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். வாய்க்கால் கரையில் குப்புறக் கிடந்தாராம். உடம்பு முழுதும் வேர்வையாம். மதவடிக்கு வரும்போது மூச்சு நின்றுவிட்டதாம். வேட்டியை மாற்றும்போது மடியிலிருந்து ஒரு கடதாசிச் சரை விழுந்தது. அருந்ததி பிரித்துப் பார்த்தாள். கற்கண்டு. முனைகூடக் கரையவில்லை.

கை நடுங்கியிருக்கும். வேர்த்திருக்கும். அவருக்குத் தெரிந்திருக்கும். சரையை எடுக்கமுடியாமல் விழுந்தாரா, பின்னேரம் தராசில் ஏறவேண்டுமே என்று எடுக்காமல் விட்டாரா?

செத்தவீட்டில் சின்னராசா அழுதான். "பாவம், தீனிதான் மனிசனைக் கொண்டுபோட்டுது. அந்தப் பணியாரத்திலை கை வைச்சிருக்கக் கூடாது," என்றான். ஒருவரும் மறுக்கவில்லை. அருந்ததியும் மறுக்கவில்லை.

ஆவணியில் சிறுபோகம் வெட்டினார்கள். மூட்டைகளோடு சங்கத்துக்குப் போக வீட்டில் ஆண் இல்லை. அருந்ததி ஒரு நாள் லீவு எடுத்து, சின்னராசாவின் உழவு யந்திரப் பெட்டியில் மூட்டைகளுக்குமேல் இருந்து போனாள். வரிசையில் அவளுடையதுதான் முதல் மூட்டை. அந்தப் போகத்தின் முதல் மூட்டையும் அதுதான்.

தில்லைநாதன் வெறும் தராசுக்கு முன் குனிந்தார். கோலின் நுனியில் தராசைச் சமன்படுத்த இருந்த சிறிய பித்தளைச் சுரையை இரண்டு விரலால் திருகினார். கோல் மெல்லச் சரிந்தது.

"என்ன செய்யிறீங்கள் மனேச்சர்?"

"கழிவு, பிள்ளை. சாக்குக்கும் ஈரத்துக்கும் நாலு. மூட்டைக்கு மூட்டை ஆர் கழிச்சுக்கொண்டிருக்கிறது? போகம் தொடங்கேக்கை திருகிவிட்டால் தராசு தானே கழிச்சுக் காட்டும். முடிய, பழையபடி பூட்டிவிடுவன்."

"காலபோகத்துக்குத் திருகினதை எப்ப பழையபடி பூட்டினனீங்கள்?"

"வருஷத்தோடை. கணக்கு முடிச்சு..." தில்லைநாதனின் விரல் சுரையிலேயே நின்றது. அவருக்கும் விளங்கிவிட்டது.

கழிவு எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வீரகத்தி ஒவ்வொரு போகமும் அதற்கு முணுமுணுத்தவர். ஆனால் சாக்கில்லாத மனிதனிடமும் அந்தத் தராசு சாக்கைக் கழிக்கிறது என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. போகத்தில் அது அவரை நாலு இறாத்தல் குறைத்துச் சொன்னது. போகம் முடிய உண்மையைச் சொன்னது. அவர் ஏறவேயில்லை. முதல் நாளிலிருந்து வருஷம் வரைக்கும் அவர் பன்னிரண்டு இறாத்தல் இறங்கியிருந்தார். அது முழுவதும் மெய். அவர் வென்றுகொண்டிருந்த மனிதர்.

அருந்ததி வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஐயா ஒரு பணியாரம்தான் சாப்பிட்டவர். எல்லாரும் கேளுங்கோ. ஒண்டுதான். தராசு திருகியிருந்தது."

சின்னராசா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தான். தில்லைநாதன், "பிள்ளை, நான் வேணுமெண்டு..." என்று தொடங்கினார்.

"உங்களிலை பிழையில்லை. வெறும் தராசைப் பார்க்கிறது என்ர வேலை."

திரும்பும் வழியில் வெறும் பெட்டி வாய்க்கால் கரையோரம் குலுங்கிக்கொண்டு போனது. தராசு சரியாக இருந்திருந்தால்? அப்போதும் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். உப்பு, தண்ணீர், வயிற்றில் கிடப்பது எல்லாம் நிறைதான். மாதத்துக்கு ஒரு தரம் நிறுத்திருந்தால் அவர் இத்தனை ஆசையாக நடந்திருப்பாரா? நடந்திருக்கமாட்டார். ஒவ்வொரு நாளும் நிறுத்ததால்தான் குறைந்தார். ஒவ்வொரு நாளும் நிறுத்ததால்தான் போனார். இரண்டும் உண்மை. அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் வாங்கில் உட்கார்ந்து ஒரு மனிதர் பிள்ளையார்மேல் ஆணையிட்டபோது, அவருடைய முகத்தைப் பார்க்காமல் சைக்கிளில் ஏறிப்போனதற்கு எந்தத் தராசிலும் காரணம் இல்லை.

வீட்டில் கமலாசனி சுளகில் உழுந்து புடைத்துக்கொண்டிருந்தா. கொட்டிலில் சிவலைக் கன்று கட்டையில் உரசிக்கொண்டு நின்றது.

அருந்ததி தாய்க்கு முன்னால் குந்தினாள். தராசைப் பற்றிச் சொன்னாள். பிறகு, "அம்மா, ஐயா ஒண்டுதான் சாப்பிட்டவர்," என்றாள்.

"ஒண்டுகூட இல்லை," என்றா கமலாசனி. சுளகு நிற்கவில்லை. "பாதி. மற்றப் பாதியை உந்தச் சிவலைக்குத் தீத்தினவர். குசினி யன்னலாலை பார்த்தனான்."

"ஏனம்மா அண்டைக்குச் சொல்லேல்லை?"

"படிச்ச பிள்ளை, தராசு பொய் சொல்லாதெண்டாய். அப்ப அதுக்குப் பிறகு கள்ளமாய்த் திண்டிருப்பார் எண்டு நினைச்சன். அலுமாரியைத் திறந்தும் பார்த்தன். பெட்டி வைச்சபடி கிடந்தது. அப்ப தேத்தண்ணிக் கடையிலை திண்டிருப்பார் எண்டு நினைச்சன்." சுளகு நின்றது. "பிள்ளையாராணை எண்டவர். ரெண்டு பேரும் நம்பேல்லை."

அருந்ததி தாயின் கையிலிருந்து சுளகை வாங்கினாள். புடைக்க இன்னும் உழுந்து கிடந்தது.